லிங்கை எடுங்கள், படத்தை எடுக்காதீர்கள்

பாகூரிலோ பண்ருட்டியிலோ ஒரு வீட்டு ஃபோனில், குழந்தையைக் கெட்ட விதமாகக் காட்டும் வீடியோ ஒன்று வந்து விழுகிறது. பார்த்தவர் பதறிப்போய் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அடுத்து தெருக்காரர்கள் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் "எல்லாரும் சேர்ந்து இந்த ஐடியை ரிப்போர்ட் அடிங்க" என்று லிங்கோடு போட்டுவிடுகிறார். மனம் பொறுக்காமல் செய்வதுதான். ஆனால் அந்த இரண்டு வேலையும் அந்தக் குழந்தையைப் பார்த்த கண்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டுகின்றன.

எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்து ஒரு பதிவை நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வெளிப்படையாகவே சொல்கின்றன. சரியான பிரிவில் வந்த ஒரே ஒரு ரிப்போர்ட் போதும். ஸ்கிரீன்ஷாட் விஷயம் இதைவிடச் சிக்கல். எடுத்த படம் கேலரியில் தங்கும். கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஆனில் இருந்தால் தானாக மேலே ஏறும். அப்படி ஏறியதைக் கூகுளின் தானியங்கி கண்டுபிடித்தால் மெயில் உட்பட மொத்தக் கணக்கும் முடங்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு, இந்த மாதிரிப் படங்களைப் பரப்புவதை மட்டும் குற்றமாக்கவில்லை. தேடுவது, பதிவிறக்குவது, சேர்த்து வைப்பது எல்லாமே அதற்குள் வருகின்றன. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2024 தொடக்கத்தில், பதிவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று தள்ளிவிட்டது. "குழந்தை ஆபாசம்" என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம், அது குழந்தையைச் சுரண்டித் துன்புறுத்திய பதிவு என்றும் சொன்னது. அந்தச் சொல் மாற்றம் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆபாசம் என்றால் பார்ப்பவரின் ரசனை விஷயம் போல ஆகிவிடுகிறது. நடந்திருப்பதோ ஒரு பிள்ளைக்கு இழைத்த கொடுமை.

சரி, சாட்சிக்கு என்ன எடுப்பது? முகவரி. போலீசுக்கும் நிறுவனத்துக்கும் தேவைப்படுவது அதுதான்.

இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே உள்ள பகிர்வுக் குறியை அழுத்தி லிங்கைக் காப்பி செய்து, ஃபோனின் நோட்ஸில் ஒட்டுங்கள். புரொஃபைல் லிங்க் மட்டும் போதாது. 300 பதிவு இருக்கும் கணக்கில் எது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் "விதிமீறல் இல்லை" என்று திரும்பி வரலாம். மேலே தடித்த எழுத்தில் தெரியும் பெயரை எழுதி வைப்பதாலும் பயனில்லை. அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம். லிங்கில் வரும் யூசர்நேம் வேண்டும். புரொஃபைலில் மூன்று புள்ளியை அழுத்தி அந்தக் கணக்கைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், எந்த மாதம் தொடங்கியது என்று காட்டும், அதையும் குறியுங்கள். ஸ்டோரி என்றால் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் பார்த்த தேதி, மணி கட்டாயம். யூடியூபில் லிங்கோடு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று எழுத வேண்டும். அதிலும் தமிழில் பேசும் வீடியோ என்றால், என்ன பேசுகிறார்கள் என்பதை இரண்டு வரியில் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. கடலூர் வட்டார வழக்கில் உள்ள கெட்ட வார்த்தை எந்தத் தானியங்கிக்கும் எளிதில் பிடிபடாது.

வாட்ஸ்அப்பில் லிங்க் இருக்காது. அனுப்பியவரின் எண், குழுவின் பெயர், அட்மின்களின் எண்கள், தேதி, மணி ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தால் "மீடியா இல்லாமல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் வராது, யார் எப்போது அனுப்பினார் என்ற எழுத்து மட்டும் வரும். இதற்குப் பிறகே ரிப்போர்ட். ரிப்போர்ட் செய்யும்போது அந்த நபரிடமிருந்து வந்த கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அவருக்குத் தகவல் போகாது. ஆனால் அதே இடத்தில் பிளாக் செய்து சாட்டை அழிக்கும் டிக் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதோடு அழுத்தி, கையில் இருந்த ஒரே தடயத்தையும் இழந்தவர்கள் நிறைய. டிக்கை எடுத்துவிட்டு அழுத்துங்கள். மீடியா ஆட்டோ டவுன்லோடை இன்றைக்கே எல்லாருக்கும் அணைத்துவிடலாம். வேண்டாதது கேலரிக்குள் நுழையாது.

ரிப்போர்ட் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை அழுத்தும் பழக்கம் பலருக்கு. "எனக்குப் பிடிக்கவில்லை", "ஸ்பேம்" என்பவை வேறு வரிசைக்குப் போகும். சொற்கள் அடிக்கடி மாறினாலும், 18 வயதுக்கு உட்பட்டவர் சம்பந்தப்பட்டது, குழந்தை துன்புறுத்தல் என்ற பொருளில் ஒன்று இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். வீடியோ சாதாரணமாக இருந்து கமெண்டில் விஷம் இருக்கும் நேரமும் உண்டு. ஒரு சிறுமி வீட்டுக் கூடத்தில் ஆடும் ரீலுக்குக் கீழே நொடிக் கணக்கைக் குறிப்பிட்டு எழுதுகிறவர்கள், டெலிகிராம் குழுவுக்கு அழைக்கிறவர்கள் வருகிறார்கள். அப்போது ரிப்போர்ட் செய்ய வேண்டியது கமெண்டை; அந்தக் கமெண்டை நீளமாக அழுத்திப் பிடித்தால் வழி திறக்கும். இந்தத் தொல்லையால்தான் யூடியூப் 2019இல் சிறுவர்கள் தோன்றும் வீடியோக்களுக்குக் கமெண்டை மூடத் தொடங்கியது.

பள்ளிப் பெயரில் நடக்கும் மீம் பேஜ், பெயர் சொல்லாமல் எழுதிப் போடும் கன்ஃபெஷன் பேஜ், வகுப்பறைச் சண்டை வீடியோ எல்லாமும் ரிப்போர்ட் செய்யத் தக்கவையே. "இந்தக் குழந்தையை அடிப்பவனைக் கண்டுபிடிக்கும் வரை பகிருங்கள்" என்று வருவதும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டையும் தாயின் முகத்தையும் காட்டும் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களை ஏனோ நாம் பொறுத்துக்கொள்கிறோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவும் பெயர், பள்ளி, முகவரி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை செய்கின்றன.

நிறுவனம் மறுத்தால், அங்கேயே மறுபரிசீலனை கேளுங்கள். பிறகு இந்தியாவுக்கான குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பெரிய தளங்கள் எல்லாமே அவர் விவரத்தை வெளியிட வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையத்திலேயே முறையிடலாம்.

தலைமை ஆசிரியர்களும் மருத்துவமனைக்காரர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆப்பில் ரிப்போர்ட் அடித்தது போலீசுக்குச் சொன்னதாக ஆகாது. போக்சோ 19ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை, பள்ளி, மருத்துவமனை போன்ற இடத்தின் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்பதும் அதே 19இல் இருக்கிறது.

சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் இரண்டு வழி உண்டு. பெயர் சொல்லாமல் கொடுத்தால் பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க முடியாது. முன்பின் தெரியாத குழந்தையின் வீடியோவுக்கு அது சரி. தெரிந்த குழந்தை என்றால் மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்யும் வழியில் போங்கள். ஒப்புகை எண் கிடைக்கும்.

கடலூர், புதுச்சேரி என்று கலந்து கிடக்கும் நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் எல்லை. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. குழந்தை வசிப்பது இந்தப் பக்கம், படிப்பது அந்தப் பக்கம், வீடியோ போட்டவன் எங்கேயோ. "இது எங்க லிமிட் இல்லை, அங்கே போங்க" என்று யாராவது சொன்னால் திரும்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிந்து உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்ஐஆர் நகல் இலவசம். இணையதளத்தில் மாநிலம் கேட்கும் இடத்தில் மட்டும், குழந்தை எங்கே வசிக்கிறது என்று பார்த்துச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

சின்ன ஊர், ஸ்டேஷன் படி ஏறினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம் புரிகிறது. குழந்தை படி ஏற வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்ஐ, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்று போக்சோ 24ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் யாரிடமாவது பேசிவிட்டுப் போகலாம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பிள்ளையின் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்றால் (பையன்களுக்கும் இது நடக்கிறது) பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடமே மறுபடி வருவான். கொடுத்தாகிவிட்டது என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்து யூபிஐ ஐடியையும் பரிவர்த்தனை எண்ணையும் சொல்லுங்கள். மிரட்டல் எழுத்துகளை ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், படம் உள்ள பகுதியை விட்டுவிட்டு. "டேக் இட் டவுன்" என்ற அமெரிக்க அமைப்பின் இலவசச் சேவை 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படங்களுக்கானது. படம் ஃபோனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் போய், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அதே படம் ஏறாமல் தடுக்க உதவும். வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடலுக்குள் அது எட்டாது.

நீக்கிவிட்டார்களே, இனி வழக்கு எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். நீக்கிய பதிவையும் அது சார்ந்த விவரத்தையும் நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 விதி. அதற்குள் போலீஸ் கடிதம் போக வேண்டும். பிள்ளையின் ஃபோனைக் கோபத்தில் ரீசெட் அடிக்கவோ, கடையில் கொடுக்கவோ, கணக்கை அழிக்கவோ வேண்டாம். சிம்மோடு அணைத்து ஓர் உறையில் போட்டு, பார்த்த தேதியையும் ஒப்புகை எண்ணையும் மேலே எழுதி எடுத்துப் போங்கள்.