ஆளுகை: ஆட்சியும் அல்ல, ஆளுமையும் அல்ல

பிராந்தியப் பொருளாதாரத் திட்டம் ஒன்றைத் தமிழாக்கும்போது 'கவர்னன்ஸ்' என்ற சொல்லில் பேனா நின்றுவிடும். ஆட்சி என்றால் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிர்வாகம் என்றால் கோப்பு நகர்த்தும் வேலையாகச் சுருங்குகிறது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'குபெர்னான்' என்றால் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துவது. லத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. (நம் சுக்கானும் அரபியிலிருந்து வந்ததுதான், கப்பலைச் செலுத்துபவனுக்குப் பழைய தமிழ்ச் சொல் மீகாமன்.) மீகாமன் கப்பலின் சொந்தக்காரனாக இருக்க வேண்டியதில்லை. யார் கூடி முடிவெடுப்பது, பணம் யார் கையில், கணக்கை யாரிடம் ஒப்பிப்பது என்பதே 'கவர்னன்ஸ்' என்பதன் இன்றைய பொருள்.

இங்கிலாந்தைப் பாருங்கள். மண்டல வளர்ச்சி முகமைகள் 1999இல் எட்டாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு லண்டனும் சேர்ந்து ஒன்பதாயின. 2012இல் அவற்றை மூடிவிட்டார்கள். அவற்றின் இடத்துக்கு உள்ளாட்சி மன்றங்களும் தொழில்துறையினரும் சேர்ந்த 39 உள்ளூர்த் தொழில் கூட்டாண்மைகள் வந்தன, தலைமை தொழில்துறையினருக்கு. 2024 ஏப்ரலில் அவற்றுக்கான அரசு நிதியும் நின்று, பணிகள் உள்ளாட்சிகளிடம் போயின. தொழில் வளர்ச்சி, முதலீடு, திறன் பயிற்சி என்று வேலை பெரும்பாலும் அதேதான். சுக்கான் பிடித்த கைதான் மாறிக்கொண்டே இருந்தது. இந்த மாற்றத்தை 'ஆட்சி மாற்றம்' என்று எழுதினால் வாசகர் தேர்தலை நினைப்பார்.

'பார்ட்னர்ஷிப்'புக்குக் கூட்டாண்மை போதும். இலங்கையில் பங்குடைமை என்றும் வழங்குகிறது. பங்காளி வேண்டாம்; தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது சொத்தில் பங்குள்ள தாயாதி, கூடவே பங்காளிச் சண்டையும் நினைவுக்கு வரும்.

கவர்னன்ஸுக்கு நான் எழுதுவது ஆளுகை. செய்கை, வருகைபோல 'கை' விகுதி செயலைக் காட்டுகிறது. தமிழ் விவிலியத்தில் எப்போதோ இடம்பெற்ற சொல், புதிதாக உருவாக்கியதல்ல. தமிழ்நாட்டு அரசு வழக்கில் 'மின் ஆளுமை' நிலைத்துவிட்டது. ஆனால் இளமை, பெருமைபோல 'மை' பண்பைச் சுட்டும். ஆளுமை என்றதும் ஒரு மனிதரின் குணச்சிறப்புதான் மனத்தில் வரும். ஒரு கூட்டாண்மை எப்படி முடிவெடுக்கிறது என்று விளக்கும் இடத்தில் 'கூட்டாண்மையின் ஆளுமை' என்று எழுதினால் பொருளே திரிந்துபோகும். அங்கே 'கூட்டாண்மையின் ஆளுகை' என்றே எழுத வேண்டும்.