மஞ்சள் குளிசைக்குள் மிளகுக்கு என்ன வேலை?

கனடாவில் இருக்கும் தம்பி, அம்மாவின் முழங்கால் நோவுக்கென்று மிளகுச் சத்தும் சேர்த்த ஒரு போத்தல் மஞ்சள் குளிசை அனுப்பியிருந்தான். திருகோணமலை உவர்மலை வீட்டுக் குசினியில் அதில் ஒன்றைப் பிரித்து ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டிப் பார்த்தேன். தூள் மிதந்தது. கரண்டியால் கலக்கினால் கூடவே சுற்றியது. நிறுத்தியதும் கொஞ்சம் மேலேயும் மிச்சம் அடியிலுமாகப் பிரிந்துவிட்டது. இன்னொன்றைச் சூடான தேங்காய்ப்பாலில் போட்டேன். சற்று நேரத்தில் நல்ல சொதி நிறம்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. 1815இலேயே இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் விழுங்கிய குர்குமினை இரத்தம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்றுவரை பெரும்பாடு. முதல் தடை, கரையாதது குடலில் உறிஞ்சப்படாது. இரண்டாவது தடையை உடுப்புத் தோய்க்கிறவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட சொதிக் கறையில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் கறை சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வேதியியல்தான். அமிலத்துக்கு எதிரான காரம் பட்டால் குர்குமின் உருமாறும், பிறகு உடைந்தும் போகும். அதற்குச் சவர்க்காரம் அளவுக்குக் காரம்கூட வேண்டியதில்லை. உடல் வெப்பத்தில், இரத்தத்தை ஒத்த மிகமெல்லிய காரக் கரைசலில் வைத்தபோது அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 90% சிதைந்துபோனது.

இதையெல்லாம் தாண்டி உள்ளே போகும் சொற்பத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் விட்டுவைப்பதில்லை. அங்குள்ள நொதிகள் குர்குமின் மூலக்கூறில் குளுக்குரோனிக் அமிலம் என்ற ஒரு துண்டை ஒட்டிவிடுகின்றன. அது ஒட்டியதும் மூலக்கூறு தண்ணீரில் கரையக்கூடியதாகிவிடும். பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறிவிடும். அந்நியப் பொருளைக் கண்டால் உடல் செய்கிற வழக்கமான துப்புரவு வேலை இது.

மிளகு கைவைப்பது இந்த இடத்தில்தான். மிளகின் உறைப்பைத் தருவது பைப்பரின். 1819இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் இதைப் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்துக்குக் காந்த விளைவு உண்டென்று மறுவருடம் காட்டிய அதே எர்ஸ்டெட். இந்தப் பைப்பரின், துண்டு ஒட்டும் நொதிகளின் வேலையைக் கொஞ்ச நேரத்துக்கு முடக்கிவைக்கிறது. 1998இல் பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் உடலுக்குக் கிடைத்த அளவு 20 மடங்கானது. குளிசைப் போத்தல்களில் இன்று பெரிய எழுத்தில் வருவது இந்தக் கணக்குத்தான். ஒன்றுமில்லாததற்குக் கிட்டிய ஒரு அளவின் 20 மடங்கும் அப்படியொன்றும் பெரிதில்லை என்பதை எந்தப் போத்தலும் சொல்வதில்லை.

என்னை உறுத்தியது வேறு. அந்த நொதிகள் மஞ்சளுக்கென்று மட்டும் காவல் இருக்கவில்லை. நாம் விழுங்கும் எத்தனையோ மருந்துகளை அளவோடு வெளியேற்றுவது அவையும் அவற்றின் கூட்டாளிகளும்தான். வலிப்புக்கான பெனிடோயின், பிரஷருக்கான புரோப்பிரனலோல், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் கூட்டுவது மனிதர்களிலேயே அளந்து பார்க்கப்பட்டது. அம்மா எடுப்பது வார்பரின், இரத்தம் கட்டியாகாமல் இருக்க. அதோடு மஞ்சள் குளிசையும் சேர்ந்து ஒருவருக்கு இரத்தம் ஆபத்தான அளவுக்கு உறையாமல் போனதென்று 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது.

கிளினிக்கில் போனமாதம் கேட்டார்களாம், "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?" என்று. அம்மா இல்லையென்று சொல்லியிருக்கிறார்.

"மஞ்சளும் மிளகும் மருந்தே? நெடுகக் கறிக்குப் போடுறதுதானே" என்றார் என்னிடம்.

கறிக்குப் போடுகிற அளவைப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் ஏறத்தாழ 3% தான். நாலு பேருக்கு வைக்கும் சொதியில் கால் தேக்கரண்டித் தூள் போட்டால் ஒருவர் பங்குக்கு 5 அல்லது 6 மில்லிகிராம் வரும். தம்பி அனுப்பிய குளிசையிலோ 500 மில்லிகிராம் சாறு, அதில் 95% குர்குமின் வகைகள். ஐந்து தேக்கரண்டிக்கு மேல் மஞ்சள் தூளை ஒரே வாயில் விழுங்குவதற்குச் சமம். உணவு நிறமூட்டியாகக் குர்குமினுக்கு வகுத்த நாளாந்த எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180. போத்தலில் பச்சை இலைப் படத்தோடு "இயற்கை" என்றிருக்கிறது. கிழங்கைத் தூளாக்கி, அசற்றோன் அல்லது அற்ககோல் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, எண்ணெய்ப் பகுதியைக் கழித்து, பளிங்காக்கி எடுத்த பொருள் அது. அம்மியில் அரைத்த மஞ்சளோடு அதற்குள்ள உறவு, கரும்போடு சீனிக்குள்ள உறவு. இத்தாலியில் 2019இல் மஞ்சள் குளிசை எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. பிறகு அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே முறைப்பாடு. எண்ணிக்கையில் அரிதுதான்.

பலனே இல்லையா என்றால், உண்டு. முழங்கால் தேய்வு நோவுக்கு, மருந்தில்லாத வெறும் மாக்குளிசையைவிட ஓரளவு சுகம் தருவதாகச் சிறிய ஆய்வுகள் பல சொல்கின்றன. புற்றுநோய் தொட்டு மறதி நோய் வரைக்கும் நீளும் மற்றப் பட்டியலை நான் நம்பவில்லை. அவற்றில் பெரும்பகுதி ஆய்வுகூடத் தட்டில் பார்த்தது. குர்குமின் தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும். அதனால் பரிசோதனையையே ஏமாற்றிவிடும் பொருள் அது.

அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் கொப்பியோடு பையில் வைத்துவிட்டேன். டொக்டர் சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்து, வார்பரின் எடுக்கும்வரை வேண்டாம் என்றார். சொதி தாராளமாகக் குடிக்கலாமாம். வரும் வழியில் அம்மா போத்தலைக் குலுக்கிப் பார்த்தார். இலங்கையில் இறக்குமதியை மறித்து மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற 2020 நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"உந்தப் பெடியன் இதை அப்ப அனுப்பியிருந்தா, உடைச்சுச் சொதிக்காவது போட்டிருப்பன்."