கறி இல்லாத கறிக்குழம்பு: எடுத்த இடத்தில் என்ன போடுகிறீர்கள்?

"டாக்டர் கறியை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்திட்டோம் மேடம். மூணு மாசமா எங்க வீட்ல ஆட்டுக்கறி வாசமே இல்ல. அப்புறமும் ஏன் குறையல?"

கணவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இரண்டை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அந்த அக்கா கேட்டார். கணவர் பேருந்து ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடும் சர்க்கரையும் முன்பைவிட ஏறியிருந்தன. அக்காவின் குரலில் கோபத்தைவிட ஆற்றாமைதான் தெரிந்தது. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் நடந்த ஒரு சமையலை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பலனில்லை என்றால் யாருக்குமே அப்படித்தான் இருக்கும்.

"போன ஞாயித்துக்கிழமை என்ன சமைச்சீங்க? அடுப்பு பத்தவெச்சதுலேருந்து சொல்லுங்கக்கா" என்றேன்.

சொன்னார். மசாலா எப்போதும்போலத்தான். கறிக்குப் பதில் அரைக் கிலோ உருளைக்கிழங்கைப் பொரித்துப் போட்டிருக்கிறார். கறி இல்லாமல் குழம்பு சப்பென்று இருந்ததால் ஒரு முழுத் தேங்காயின் கெட்டிப்பாலை ஊற்றியிருக்கிறார். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே என்று அப்பளம், வாழைக்காய் வறுவல். குழம்பு நன்றாக இருந்ததால் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டார். மிச்சக் குழம்பு ராத்திரி தோசைக்கு.

என்னிடம் வரும் பத்துக் குடும்பங்களில் ஆறேழு குடும்பங்கள் செய்யும் தவறு இது. கறியை எடுத்துவிடுகிறோம், சரி. அந்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்று பார்ப்பதில்லை.

கணக்கை அவர் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். எலும்போடு வாங்கும் அரைக் கிலோ ஆட்டுக்கறியில் சுமார் 70 கிராம் புரதம் கிடைக்கும். நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்குப் பதினேழு கிராம். அதே அரைக் கிலோ உருளைக்கிழங்கில் எல்லோருக்கும் சேர்த்தே 10 கிராம் தேறினால் அதிகம். புரதம் போய் மாவுச்சத்து வந்துவிட்டது. புரதம் குறைந்த சாப்பாட்டில் வயிறு சீக்கிரம் திருப்திப்படாது, அதனால்தான் அந்த இரண்டு கரண்டி சோறு. தேங்காயைப் பாருங்கள். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு, அதில் பெரும்பகுதி எல்டிஎல்லை ஏற்றக்கூடிய நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது என்று சொல்வார்கள். உண்மைதான், எந்தத் தாவர உணவிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் நம் கல்லீரலே செய்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வெளியே எடுக்கும் வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. ஆட்டுக்கொழுப்பை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றினால் அறிக்கையில் பெரிய மாற்றம் எப்படி வரும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு அல்லது அதற்கு ஈடான முட்டை, இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது அவர்களுடைய பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். இட்லி, சோறு, ரசம், மோர் என்றே நாள் ஓடினால் இதை எட்டுவது கஷ்டம். வாரத்தில் ஒருநாள் வரும் கறிக்குழம்பிலிருந்து கறியை எடுக்கும்போது புரதத்துக்கு வழி பண்ணியே ஆகவேண்டும்.

இனி சமையலுக்கு வருகிறேன். இந்தக் குழம்பை நான் என் வீட்டில் பலமுறை செய்து, பிடிக்காமல் போய், மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகுதான் நோயாளிகளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கறிக்குழம்பு வாசம் என்று நாம் சொல்வதில் பாதி மசாலாவுடையது. கல்பாசி, சோம்பு, பட்டை, கிராம்பு, வறுத்த மல்லி, மிளகு, நிதானமாக வதங்கிய சின்ன வெங்காயம். இதில் எதையும் நீங்கள் இழக்கப் போவதில்லை. கறி தன் பங்குக்குத் தருவது மூன்று விஷயம்: கடிக்க ஒரு பதம், வதங்கிச் சிவந்த ஊன் சுவை, எலும்பிலிருந்து இறங்கும் கெட்டித்தன்மை. ஒரே காயில் மூன்றையும் தேடினால் ஏமாற்றம்தான். நான் மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வைக்கிறேன்.

கடிப்பதற்கு மீல்மேக்கர். சோயாவில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது என்பதால் கொழுப்பு மிகக் குறைவு; உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவுக்குப் புரதம். நான்கு பேருக்கு 60 கிராம் போதும், ஊறினால் மூன்று மடங்காகும். "எங்க வீட்ல மீல்மேக்கர் பிடிக்காது" என்பவர்களிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், வெந்நீரில் போட்டு எடுத்து அப்படியே குழம்பில் போட்டோம் என்பார்கள். அந்தப் பச்சை வாசம் போகவே போகாது. உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் விடுங்கள். வடித்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். முதல் தடவை நுரைத்த, லேசாக மஞ்சளான தண்ணீர் வரும். மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல். மூன்றாம் தடவை தண்ணீர் தெளிவாக வரும், வாசமும் போயிருக்கும். அதன்பின் இரண்டு ஸ்பூன் தயிர், இஞ்சிப் பூண்டு விழுது, மிளகுத்தூள் போட்டுப் பிசறி இருபது நிமிஷம். பிழிந்த துண்டு பஞ்சு மாதிரி, பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை உறிஞ்ச விடாமல் மசாலாவை உறிஞ்ச வைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். கடைசியாக இரும்புக் கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கும்வரை பிரட்டி எடுத்து வையுங்கள்.

ஊன் சுவைக்குக் காளான். கடையில் கிடைக்கும் 200 கிராம் பாக்கெட் போதும். எண்ணெய் விடாமல் சூடான கல்லில் போடுங்கள். தண்ணீர் விடும், பயப்பட வேண்டாம். அந்தத் தண்ணீர் வற்றி, காளான் சுருங்கி, அடிப்பக்கம் பழுப்பாகும் வரை கை வைக்காமல் பொறுத்திருங்கள். அப்போது அடுப்படியில் எழும் வாசத்தை முகர்ந்தால் நான் சொல்வது புரியும். காளானில் புரதம் 100 கிராமுக்கு மூன்று கிராம்தான், அதை வேறு எதற்காகவும் சேர்க்கவில்லை, சுவைக்காக மட்டும்தான்.

கெட்டித்தன்மைக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை. 100 கிராமை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டிக் கடலையை எடுத்து, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை, இரண்டே ஸ்பூன் தேங்காய்த் துருவலோடு மையாக அரையுங்கள். ஒரு மூடித் தேங்காய் செய்யும் வேலையை இந்த விழுது செய்துவிடும். மீதிக் கடலை முழுதாகக் குழம்பில் போகட்டும். கடலை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்புக்கு அதையே ஊற்றுங்கள்.

மற்றதெல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி. மூன்று ஸ்பூன் எண்ணெயில் தாளித்து, இருபது சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, வறுத்து அரைத்த மசாலா சேர்த்து, கடலைத் தண்ணீர், கடலை, விழுது, கொதித்ததும் காளான். மீல்மேக்கரைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் போட்டால் போதும். நான்கு பேருக்கு மொத்தம் நாலு ஸ்பூன் எண்ணெய்தான் ஆகிறது. புரதம் 50 கிராமைத் தாண்டும். ஒரு கிண்ணம் தயிர்ப் பச்சடியும் சேர்ந்தால் கறி கொடுத்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

பலாக்காய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பலாமூசு கறியைப் போலவே நார் நாராகப் பிரியும், பதம் அருமை, எனக்கும் மிகப் பிடிக்கும். நறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. ஆனால் அதில் புரதம் மிகவும் சொற்பம். பலாக்காய்க் குழம்பு வைக்கும் நாளில் கூடவே சுண்டலோ பருப்போ முட்டையோ இருக்கட்டும். சேனைக்கிழங்குக்கும் இதே பதில்தான். பெரிய கடைகளில் இப்போது உறைய வைத்த தாவர இறைச்சிப் பாக்கெட்டுகள் வந்திருக்கின்றன. வாங்குவதானால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்புக்குமேல் வேண்டாம் என்கிறோம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

எல்லோருக்கும் இந்தக் குழம்பு ஒத்துவராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அளவு உண்டு. உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் இதைத் தொடங்காதீர்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் காலையில் போடுகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டில் பிரச்சினை இல்லை. யூரிக் அமிலம் கூடியதால் கறியை நிறுத்தியவர்கள் கடலையைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். ஆட்டுக்கறியும் ஈரலும் செய்கிற அளவுக்குப் பருப்பு வகைகள் மூட்டுவலியைத் தூண்டுவதில்லை, அளவாகச் சாப்பிடலாம். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று காதோடு காதாகக் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: இதுவரை ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஆண் ஹார்மோன் குறைந்ததாகத் தெரியவில்லை.

கறியை அடியோடு விடுகிறவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று. பி12 வைட்டமின் கடலையிலும் இல்லை, சோயாவிலும் இல்லை, கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை அன்றாடம் இருக்கட்டும். கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி என்றால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து கறியிலிருந்து எளிதில் உடம்பில் சேர்வதுபோல் கடலையிலிருந்து சேராது. பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். வயதுக்கு வந்த பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

அந்த அக்காவுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. முதல்முறை மீல்மேக்கர் பிழிவதையும் தேங்காய்க்குப் பதில் கடலை அரைப்பதையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அப்பளத்துக்குப் பதில் புடலங்காய்ப் பொரியல், சோற்றில் ஒரு கரண்டி குறைவு. அடுத்த மாதம் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "குழம்பு நல்லாத்தான் இருக்குங்க, ராத்திரி இட்லிக்குத்தான் பத்தல" என்றார். மீல்மேக்கர் நேரமாக ஆகக் குழம்பை இழுத்துக்கொள்ளும். சூடு பண்ணும்போது அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விடச் சொன்னேன். கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "தீபாவளிக்கு எடுத்துக்கலாங்களா மேடம்?"

எடுத்துக்கலாம் என்றேன். தொடைக்கறி, கொழுப்பை வெட்டிவிட்டு, நாலு துண்டு. குழம்புக்கு அன்றைக்கும் கடலை விழுதுதான்.