டெதர்டு கார்டுக்கு தமிழ்ல என்ன பேரு?

எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "டெதர்டு ஸ்பைனல் கார்டு"ன்னு இருக்கும் (முதுகெலும்புக்குள்ள இருக்கிற நரம்பு வடம் கீழ கட்டுப்பட்டு இழுபடுற நிலை), அதை வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா "இணைக்கப்பட்ட முதுகுத்தண்டு"ன்னு வரும், ரெண்டு வார்த்தையுமே சரியில்ல. முதுகுத்தண்டுங்கிறது எலும்பு. கார்டுன்னா அந்த எலும்புக் குழாய்க்குள்ள மூளையில இருந்து இறங்கி வர்ற நரம்புத்திசு, அதுக்கு தண்டுவடம்னு நல்ல பேரு ஏற்கனவே இருக்கு (இலங்கைப் பாடப்புத்தகத்துல முண்ணாண், முள்ளும் நாணும் சேர்ந்தது, எனக்கு அதுவும் ரொம்பப் பிடிக்கும்).

டெதர்ங்கிறது பழைய நார்ஸ் மொழியில இருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லு, மேயுற மாட்டை முளையில கட்டிவைக்கிற கயிறு. கயிறு எட்டுற தூரம் வரைக்கும்தான் மாடு போக முடியும், அதுக்கு மேல போனா கழுத்து இழுபடும். உடம்புக்குள்ள நடக்கிறதும் இதேதான். கரு மூணாவது மாசத்துல இருக்கும்போது தண்டுவடம் எலும்புக் குழாயோட முழு நீளத்துக்கும் இருக்கும், அப்புறம் எலும்பு வேகமா வளர வளர தண்டுவடத்தோட கூம்பு முனை மேல ஏறிட்டே வரும், பொறந்து சில மாசத்துக்குள்ள இடுப்புப் பகுதியோட முதல் ரெண்டு முள்ளெலும்பு கிட்ட வந்து நின்னுடும். அந்த முனையில இருந்து கீழ வரைக்கும் ஒரு மெல்லிசான இழை இருக்கு, லத்தீன்ல ஃபைலம் டெர்மினேல், நாம முடிவிழைன்னு சொல்லலாம். இது கொழுப்பு சேர்ந்து தடிச்சுப் போனாலோ, இல்ல தண்டுவடமே ஒரு கொழுப்புக் கட்டியோட ஒட்டிக்கிட்டாலோ, குழந்தை வளரும்போது வடம் இழுபடும், ரத்த ஓட்டம் குறையும், நரம்பு செல்லுக்கு சக்தி பத்தாம போகும். நல்லா நடந்த குழந்தை தடுமாறும், பாதம் வளையும், பாத்ரூம் பழகின பிள்ளை திரும்ப நனைக்க ஆரம்பிக்கும். வெளிய பாத்தா கீழ்முதுகுல ஒரு முடிக்கற்றையோ, மெத்துனு ஒரு கட்டியோ, குழியோ இருக்கலாம். சிலருக்கு பெரியவங்களான பிறகுதான் முதுகுவலியா தெரியவரும்.

1953ல கார்சோங்கிற டாக்டர் இதை "ஃபைலம் டெர்மினேல் சிண்ட்ரோம்"னு எழுதினார், 1976ல டொரொண்டோல ஹாஃப்மன் குழு "டெதர்டு ஸ்பைனல் கார்டு"ன்னு எழுதின பிறகு இந்தப் பேரு நிலைச்சுது. இழையைச் சொன்ன பேரு போயி இழுபடுறதைச் சொன்ன பேரு வந்துச்சு, ஏன்னா கட்டிப்போடுறது எப்பவும் இழை மட்டும் இல்ல.

அதனால என் ஓட்டு தளைப்பட்ட தண்டுவடம். தளைன்னா கட்டு, விலங்கு. வடம்னா முறுக்கின தடிக்கயிறு. "கட்டுண்ட தண்டுவடம்"னாலும் தப்பில்ல, ஆனா தளையில இருந்து மத்த சொல்லெல்லாம் சுலபமா பிறக்குது. அன்டெதரிங் ஆபரேஷன் தளைநீக்கம், ஆபரேஷன் பண்ணின இடத்துல தழும்பு உண்டாகி திரும்ப ஒட்டிக்கிட்டா மறுதளை. இணைப்புன்னு ஆரம்பிச்சா "இணைப்பு நீக்கம்"னு கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி ஆயிடும்.

கூடவே வர்ற இன்னொரு பேரு ஸ்பைனா பைஃபிடா, முள்ளெலும்பு முழுசா சேராம பிளந்திருக்கிற பிறவிக் குறை. ஸ்பைனான்னா லத்தீன்ல முள், பைஃபிடான்னா ரெண்டா பிளந்தது, நம்ம முள்ளெலும்புலயும் அதே முள்தான் இருக்கு, அதனால முள்ளெலும்புப் பிளவுன்னா கச்சிதம். 17ம் நூற்றாண்டுல இந்தப் பேரை எழுதிவச்சவர் நிகோலஸ் டுல்ப், ரெம்பிராண்ட் ஓவியத்துல தொப்பி போட்டுக்கிட்டு பிணத்தோட கையை அறுத்துக் காட்டுறாரே, அவரேதான். கரு உண்டாகி சுமார் 28 நாளுக்குள்ள மூடவேண்டிய நரம்புக்குழல் (பின்னாடி மூளையும் தண்டுவடமும் ஆகிறது) மூடாம போறதால இந்தக் குறை வருது, கர்ப்பத்துக்கு முன்னாடியே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்றது இதுக்குத்தான், கர்ப்பம்னு தெரியும்போது பெரும்பாலும் அந்த நாள் தாண்டிப் போயிருக்கும்.

இதுல தண்டுவடத்தைச் சுத்தியிருக்கிற உறை மட்டும் வெளிய தள்ளினா மெனிஞ்சோசீல், உறைப்பிதுக்கம். தண்டுவடமும் சேர்ந்து வந்தா மையலோமெனிஞ்சோசீல், தண்டுவட உறைப்பிதுக்கம். "ஆக்கல்டா"ன்னு போட்டிருந்தா மறைபிளவு, எலும்பு வளைவு மட்டும் சேராம இருக்கிறது, வேற எதுக்கோ எடுத்த எக்ஸ்ரேல தற்செயலா தெரியும், தனியா இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. இதையும் தளைப்பட்ட தண்டுவடத்தையும் ஒரே பேர்ல எழுதுறதைத்தான் முதல்ல நிறுத்தணும், ஒண்ணுக்கு பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம், இன்னொண்ணை லேட் பண்ணினா போன சிறுநீர்க் கட்டுப்பாடு தளைநீக்கத்துக்கு அப்புறமும் முழுசா திரும்பாம போகலாம்.