ஐஸ் கட்டி போட்டால் யாழ்ப்பாணம் நுவரெலியா ஆகிவிடாது

சென்ற கிழமை ஓர் அம்மா பூச்சாடி ஒன்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே உள்ளங்கையளவு மஸ்டெவாலியா, குளிர்ந்த மலைகளில் வளரும் ஓர்க்கிட் செடி. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மகள் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஆறு இலைகளில் நான்கு மஞ்சள். அடி கறுத்து, தொட்டதும் கையோடு வந்தன. சாடியை முகர்ந்தால் புளித்த வாடை. "காலையும் மாலையும் தவறாமல் ஐஸ் கட்டி போட்டேன், ஐயா" என்றார்.

இந்த ஆண்டு என்னிடம் இப்படி வந்த ஐந்தாவது செடி இது. ஐந்துக்கும் ஐஸ்தான் வைத்தியம்.

இந்த ஐஸ் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்கக் கடைகளில் ஃபலனொப்சிஸ் ஓர்க்கிட் சாடிகள் சிலவற்றில், கிழமைக்கு மூன்று ஐஸ் கட்டி போடுங்கள் என்று அட்டை செருகியிருப்பார்கள். அது குளிரூட்டுவதற்கு அல்ல. அளவு தெரியாமல் தண்ணீரைக் கொட்டி வேரை அழுகவைப்பவர்களுக்கு அது ஓர் அளவுகோல்: மூன்று கட்டி உருகினால் இவ்வளவு தண்ணீர், அவ்வளவுதான். ஃபலனொப்சிஸோ வெப்பத்தில் வளரும் செடி. அதன் அட்டையைப் படித்து மலைச்செடிக்கு வைத்தியம் பார்க்கிறோம். நம் விறாந்தையில் ஐஸ் கட்டி எவ்வளவு நேரம் நிற்கும்? அது உருகி முடிந்ததும் இலையைச் சுற்றியிருப்பது அதே காற்று, அதே 31 பாகை. சாடிக்குள் மிஞ்சுவது ஈரம் மட்டும். அந்த ஈரம் சூடாகிறது, வேர் அழுகுகிறது. காய்ச்சல்காரனை அடுப்படியில் இருத்திவிட்டு நெற்றியில் ஈரத்துணி போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

இந்தச் செடிக்கு முக்கியம் பகலல்ல, இரவு. மஸ்டெவாலியாக்களில் பல, தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையின் முகில் காடுகளில் 2,000 மீற்றருக்கு மேலே வளர்பவை. இரவில் 12 பாகை அளவுக்கு இறங்க வேண்டும். நம் வைகாசி இரவு 27 பாகை; வாடைக் காற்று வீசும் தை மாதத்தில்கூட 22 அளவில்தான் நிற்கும். மற்ற ஓர்க்கிட்டுகள் பலவற்றுக்கு உள்ள, தண்ணீரையும் உணவையும் சேமிக்கும் தண்டுக்கிழங்கும் இதற்கு இல்லை. சேமிப்பில்லாத குடும்பம் போல, ஒரு கெட்ட மாதம் வந்தாலே சரிந்துவிடும். சின்னச் செடிதானே, சமாளிக்கலாம் என்கிறார்கள். சின்னது என்பதால்தான் சமாளிக்க முடியாது.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தவர் ஒருவரும் உண்டு, மாம்பழத்துக்குப் பக்கத்தில். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஏசி அறை பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; செடிக்கோ 70 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் வேண்டும்.

வளர்த்தே ஆகவேண்டும் என்றால் மூடிய கண்ணாடிப் பெட்டி, அதற்கென்றே குளிரூட்டி, இடைவிடாது ஓடும் சின்ன மின்விசிறி, எல்ஈடி விளக்கு. மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு. மாதாந்த மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் சுண்ணாம்புக் கல்லின் உப்பு, சாடிக்குள் போடும் பாசியின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிவதை இரண்டு மாதத்தில் பார்ப்பீர்கள். மாரி மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். செடியைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்; ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அதோடு சேர்ந்து வரும் பூச்சியும் பூஞ்சணமும் நம் தோட்டங்களுக்கு எதற்கு? அம்மாவுக்குப் பூ கொடுக்க ஆசையென்றால் இங்கேயே வண்டா அல்லது டென்ட்ரோபியம் ஓர்க்கிட் வாங்கிக் கொடுங்கள். கரியும் தென்னந்தும்பும் போட்டு, அரை நிழலில் தொங்கவிட்டால் நம் வெயிலிலேயே பூக்கும்.

துவாயில் வந்த செடியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லையாம். செடி எப்படி இருக்கிறது என்று வட்ஸ்அப்பில் கேட்கும்போதெல்லாம், வந்த அன்று எடுத்த படங்களில் ஒன்றை அனுப்பிவைக்கிறாராம்.