கலப்பா, கலப்படமா? சிமெண்ட் மூட்டையில் நாம் படிக்காத வரிகள்

சென்ற தை மாதம். கோவை துடியலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு ஃபுட்டிங், அதாவது அஸ்திவாரக் காங்கிரீட் போட வேண்டிய நாள். லாரியிலிருந்து இறங்கிய மூட்டைகளைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். எதையும் முழுதாகப் படித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

“என்னங்க தம்பி, மூட்டையில ஃபிளை ஆஷ்னு போட்டிருக்கு? சாம்பல் கலந்ததெல்லாம் வேண்டாங்க. காசு கூட ஆனாலும் பரவாயில்லை, கலப்படம் இல்லாம ஐம்பத்து மூணு கிரேடே போட்டுருங்க.”

வீடு கட்டித் தரும் தொழிலில் இதே பேச்சை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று பார்த்துப் பழகிய நமக்கு, சிமெண்டில் சாம்பல் என்றால் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தச் சாம்பலை யாரும் திருட்டுத்தனமாகச் சேர்ப்பதில்லை. எவ்வளவு சேர்க்கலாம் என்று இந்திய தர நிர்ணய அமைவனமே வரம்பு போட்டிருக்கிறது. ஐ.எஸ். 1489 தரத்தின்படி பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டில் அனல் மின்நிலையச் சாம்பல் (ஃபிளை ஆஷ்) 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். ஐ.எஸ். 455 தரத்தின்படி பி.எஸ்.சி. எனப்படும் கசடு கலந்த சிமெண்டில் இரும்பாலைக் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர்களுக்கு, கிடைத்தால் பி.எஸ்.சி.யைத்தான் நான் சொல்வேன். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கும் வேகத்தை அது நன்றாகக் குறைக்கும்.

அப்புறம் அந்த 53. அது பரீட்சை மார்க் மாதிரி நம் மனதில் பதிந்துவிட்டது. 33 என்றால் ஜஸ்ட் பாஸ், 53 என்றால் பரவாயில்லை! உண்மையில் அந்த எண், சோதனைக்கூடத்தில் செய்த கலவைக் கட்டி 28 நாளில் தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம், மெகாபாஸ்கலில். பி.பி.சி.க்கு இந்தக் குறைந்தபட்சம் 33. நான் வாங்கிப் பார்க்கிற சோதனைச் சான்றிதழ்களில் அதைவிட நன்றாகக் கூடுதலாகவே இருக்கிறது. சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு நாம் போடுவது எம்20 அல்லது எம்25 காங்கிரீட், அதாவது 28 நாளில் 20 அல்லது 25 மெகாபாஸ்கல் தாங்க வேண்டியது. அது தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் கலவையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பதில் இருக்கிறது. ஐம்பத்து மூன்றை வாங்கி வந்து, கலவை ‘ஓடணும்’ என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற சைட்டுகளைத் தினமும் பார்க்கிறேன்.

சரி, சாம்பல் எதற்கு? சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி அளவில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். அதை அரைத்துக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தால் சாதா சிமெண்ட், அதாவது ஓ.பி.சி. ஆசிரியர் கேட்ட 53 கிரேடு இந்த வகைதான். சுடும்போது எரிபொருளிலிருந்து புகை வருவது எல்லோருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது, கல்லே கரியமில வாயுவை விடுகிறது என்பது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் இது நிற்காது. அதனால்தான் உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. கிளிங்கரைக் குறைப்பதுதான் இன்றைக்குக் கையில் இருக்கும் எளிய வழி.

ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 850 கிலோ வாயு என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ ஓ.பி.சி. மூட்டைக்கு ஏறக்குறைய 40 கிலோ. சாம்பல் முப்பது சதவீதத்தைத் தாண்டிய பி.பி.சி. மூட்டைக்கு 28 கிலோ பக்கம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை என்பது எங்கள் தொழிலின் கைக்கணக்கு. மொத்தத்தையும் மாற்றினால் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். பொதுவாக பி.பி.சி. விலையும் சற்றுக் குறைவுதான். இதற்காக வீட்டுக்காரர் எதையும் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

பொறுமை மட்டும் வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்ட் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். ஐ.எஸ். 456 விதி ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விடச் சொல்கிறது, கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். வெயிலும் வறட்சியும் அதிகமாக இருந்தால் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள். சித்திரை வெயிலில் தளம் போடுகிறவர்கள் பதினாலு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பிரிக்க அந்த விதியில் சொல்லியிருக்கும் நாட்களும் ஓ.பி.சி.க்கானவை. மேஸ்திரி பலகை வாடகையை நினைத்து அவசரப்படுவார், விடாதீர்கள். தளத்தைத் தாங்கும் முட்டுகளை இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே நிறுத்துங்கள். ‘பி.பி.சி. போட்டேன், தளம் விரிசல் விட்டுவிட்டது’ என்று என்னிடம் வந்த பல கதைகளை நோண்டிப் பார்த்தால், நாலாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தியிருப்பார்கள். இன்னொன்று: பி.பி.சி.யில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. சைட்டில் மேலும் சாம்பல் வாங்கிக் கலப்பது தவறு. ரெடிமிக்ஸ் ஆலையில் ஓ.பி.சி.யோடு சாம்பலை அளந்து கலப்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “அப்படின்னா கரியமில வாயு கம்மின்னு மூட்டையிலயே போட்டா என்னங்க? ஃபிரிட்ஜுல ஸ்டார் போடுற மாதிரி?”

அப்படி ஒன்று இல்லை. மூட்டையில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது, ஆனால் அது தரத்துக்கான உத்தரவாதம். அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். எந்த வாரம் தயாரானது என்பதும் மூட்டையிலேயே இருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டையை நான் சோதிக்காமல் தொடுவதில்லை. கரியமில வாயுவைப் பற்றித் தெரிந்துகொள்ள, ஐ.எஸ். எண்ணையும் சாம்பல் எத்தனை சதவீதம் என்று அச்சிட்ட வரியையும் பாருங்கள். லேபிள் என்று யாரும் பெயர் வைக்காத லேபிள் அதுதான். 269 என்றால் ஓ.பி.சி., 1489 என்றால் பி.பி.சி., 455 என்றால் பி.எஸ்.சி.

பச்சை இலைப் படத்தை நம்பாதீர்கள். இலையை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். ஆதாரமில்லாமல் ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்றெல்லாம் விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சொல்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். இந்தியத் தொழில் கூட்டமைப்பின் ‘கிரீன்புரோ’ சான்று, ஐ.எஸ்.ஓ. 14025 முறையில் தயாரித்து மூன்றாம் தரப்பு சரிபார்த்த சூழல் அறிக்கை போன்றவை இருந்தால் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் அவை பெரிய கட்டடங்களின் ஆலோசகர்களுக்காக எழுதப்பட்டவை. வீடு கட்டுகிறவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி இல்லை.

அரசு இதற்கு முன் முயற்சி செய்யாமலும் இல்லை. 1991-லேயே ‘ஈகோமார்க்’ வந்தது. அதன் சின்னம் ஒரு மண்பானை. அழகான யோசனை, ஆனால் அந்தப் பானையைக் கடையில் பார்த்தவர்கள் அபூர்வம். நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. 2024 செப்டம்பரில் அதற்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. இந்த முறையாவது பானை அடுப்பில் ஏறுகிறதா பார்க்கலாம்.

கம்பியில் கதை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் ‘பசுமை எஃகு’ என்பதற்கு எண்ணால் வரையறை கொடுத்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் வாயு என்றால் பசுமை. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6-க்கும் கீழே ஐந்து. ஆயிரம் சதுர அடிக்கு நாலு டன் கம்பி பிடிக்கும் என்றால், மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் இடையே இரண்டு டன்னுக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஆனால் நட்சத்திரம் கம்பியின் பலத்தைச் சொல்லாது. அதற்கு ஐ.எஸ். 1786 முத்திரை தனியாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லேபிள் இருக்கட்டும், ஆதரவு? இந்த நாட்டில் குறைந்த கரிக் கட்டுமானப் பொருளுக்குக் கிடைத்த ஆகப்பெரிய அரசு ஆதரவு, குப்பையை அகற்றப் போட்ட உத்தரவாக வந்தது. 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பல் அறிவிக்கையை வெளியிட்டது. மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்தால் சாம்பல் சேர்க்க வேண்டும். அந்த வட்டம் 2003-இல் 100 ஆனது, 2016-இல் 300 ஆனது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கையின்படி 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்கள் சாம்பல் கல், சாம்பல் ஓடு போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும், மாற்றுப் பொருளைவிட விலை கூடாமல் கிடைத்தால். சாம்பலை அகற்றாத மின்நிலையங்கள் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை, நெய்வேலி என்று வட்டம் போட்டுப் பாருங்கள், தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதும் உள்ளே வந்துவிடும். ஆனால் இத்தனை வருடத்தில் என் வரைபடங்களைப் பார்த்த எந்த அதிகாரியும் “கல் என்ன கல்?” என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கோவையில் ஜனங்கள் சாம்பல் கல்லுக்கு மாறியதில் வேறொரு காரணமும் உண்டு. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வெட்டியெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. சூளைக் கல் விலை ஏறியது, சாம்பல் கல் லாரி லாரியாக இறங்கியது.

அந்தக் கல்லில் நான் கையைச் சுட்டுக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறு பட்டறையிலிருந்து வாங்கினேன். அச்சில் போட்டுப் பத்து நாள்கூட ஆகாத கல். கட்டிப் பூசிய மூன்றாம் மாதம் சுவரெல்லாம் மேப் போட்ட மாதிரி வெடிப்பு. சாம்பல் கல் காயும்போது சுருங்கும். நன்றாக நனைந்து, இறுகி, காய்ந்த பிறகே சுவருக்கு வர வேண்டும். பூச்சுக் கூலி என் கையிலிருந்து போயிற்று. அதற்குப் பிறகு அச்சிட்டு 28 நாள் ஆகாத கல்லை இறக்க விடுவதில்லை. மூன்று கல்லை எடையிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுபடி எடையிடுவேன். 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் லாரி திரும்பிவிடும். அந்தப் பட்டறையின் கல்லில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும். விலைக்கு ஆசைப்பட்டேன்.

வரியில் என்ன ஆதரவு என்று கேட்டால், சிமெண்டுக்கு ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் ஓ.பி.சி.க்கும் அதே 18, பி.பி.சி.க்கும் அதே 18. இரண்டுக்கும் இடையில் ஒரு சதவீதம் வித்தியாசம் வைத்திருந்தால், ஆசிரியரிடம் நான் அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டியதில்லை. கடைக்காரரே சொல்லி விற்றிருப்பார். என்னைக் கேட்டால், வரியைவிட அரசின் கொள்முதல்தான் பெரிய ஆயுதம். அரசு எஸ்டிமேட்டில் ‘53 கிரேடு’ என்று பழக்கத்தில் எழுதும் ஒரு வரியை, தேவையில்லாத இடங்களில் மாற்றினாலே சந்தை மாறிவிடும். கலிபோர்னியா 2017-இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டது. அரசுக் கட்டடத்துக்கு வரும் எஃகு, கண்ணாடி, வெப்பம் தடுக்கும் கனிமக் கம்பளிப் பலகை ஆகியவற்றைத் தயாரிக்கும்போது வரும் கரியமில வாயுவின் அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் காங்கிரீட்டைச் சேர்க்கவில்லை.

சாம்பலும் என்றென்றைக்கும் கிடைத்துக்கொண்டே இருக்கப் போவதில்லை. நிலக்கரி குறைந்தால் அதுவும் குறையும். அதற்கு அடுத்ததாக வருவது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த எல்.சி.3 சிமெண்ட். கிளிங்கர் பாதிதான். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும். பீங்கானுக்கு ஆகாது என்று ஒதுக்கும் களிமண்கூட இதற்குப் போதும். சென்னை ஐ.ஐ.டி. உட்படப் பல இடங்களில் ஆராய்ந்து, 2023-இல் ஐ.எஸ். 18189 என்று தரமும் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் நான் இன்னும் மூட்டையாகப் பார்க்கவில்லை.

ஆசிரியர் வீட்டுக்கு பி.பி.சி.தான் போட்டோம். தளத்துக்குப் பதினாலு நாளும் காலையும் மாலையும் அவரே பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார். மூட்டையில் வார எண்ணைப் படித்து எனக்கு போனில் சொல்வதும் பழக்கமாகிவிட்டது. போன வாரம் மாடிக்குக் கம்பி வாங்கப் போனவர், “இது எத்தனை ஸ்டாருங்க?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், ஃபிரிட்ஜ் கடை பக்கத்துலங்க” என்றாராம்.