எச்.எஸ். கோட்: சரக்கு வகைக் குறியீடு

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சிறிய அளவில் தேயிலை பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சரக்கை புக் பண்ணும்போது கொழும்பு முகவர் கேட்பார்: "எச்.எஸ். கோட் என்ன?" தேயிலைச் சபையில் பதிவு, இன்வொய்ஸ் எல்லாம் தயாராக இருந்தும் இந்த எண் இல்லாமல் வேலை நகராது.

எச்.எஸ். என்பது 'ஹார்மனைஸ்ட் சிஸ்டம்' என்பதன் சுருக்கம். வணிகப் பொருள்களை வகை பிரித்து எண் கொடுக்கும், பிரசல்ஸில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பின் பட்டியல் இது. 1983இல் உடன்படிக்கையாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். இலங்கையில் மொத்தம் எட்டு.

'கோட்' லத்தீன் 'கோடெக்ஸ்' வழி வந்தது. முதலில் மரத்துண்டு, பிறகு ஏடு, பிறகு சட்டத் தொகுப்பு என்று பொருள் விரிந்த சொல் அது. நம் 'கோடு' ஒலியில்தான் அதற்குப் பக்கம், உறவில்லை. தமிழில் குறி இடுவதால் 'குறியீடு'. ஆனால் வெறும் 'குறியீடு' என்றால் தபால் குறியீடும் அதுதான். இந்த எண் சொல்வது பொருளின் வகையை என்பதால் 'சரக்கு வகைக் குறியீடு' என்பதே பொருத்தம் என்பேன்.

தேயிலைக்கு உரிய தலைப்பு, அதாவது முதல் நான்கு இலக்கங்கள், 0902. இதில் பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தர வேறுபாடும் தோட்டத்தின் பெயரும் கணக்கில் வராது. ஆறு இலக்கம் வரை பார்ப்பது இரண்டே: பதனிட்ட விதம், உள்பொதியின் நிறை. கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத பொதியில் இருந்தால் 0902.30, மற்றது 0902.40. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 250 கிராம் பக்கெட் நாற்பதை அடுக்கிய பெட்டி 10 கிலோ வரும். ஆனாலும் அது 0902.30தான். தேயிலையை நேரடியாகத் தொட்டிருக்கும் பொதியே கணக்கு, வெளிப்பெட்டி அல்ல. அதே பெக்டரித் தூளை அப்படியே கடதாசிச் சாக்கில் கொட்டிக் கட்டினால் 0902.40.

பட்டியலில் வரும் 'பச்சைத் தேயிலை' என்பதில் 'பச்சை' என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. மடுவத்தில் நிறுக்கும் பச்சைக் கொழுந்து அல்ல, புளிக்கவிடாமல் பதனிட்ட கிரீன் டீ. அதற்கு 3 கிலோ வரையான பொதி 0902.10, மற்றது 0902.20. இஞ்சி வாசனை சேர்த்த தேயிலையும் 0902இலேயே நிற்கும்; இன்ஸ்டன்ட் டீ மட்டும் 2101.20க்குப் போய்விடும். மாத்தளை மிளகுக்கு 0904.11, அரைத்தால் 0904.12.

பிழையான எண் போட்டால் தீர்வை மாறலாம், சரக்கு துறைமுகத்தில் தங்கலாம், தாமதக் கட்டணம் அனுப்பியவர் தலையில் விழலாம்.

அமெரிக்காவுக்கு அனுப்புவோரிடம் 'பிரெய்ட் கிளாஸ்' என்றும் கேட்பதுண்டு. அது வேறு. அந்நாட்டு லொறிக் கூலியைத் தீர்மானிக்கும் 18 வகுப்புகள், 50 முதல் 500 வரை. 'சரக்கு வகுப்பு' எனலாம். அடர்த்தி, அடுக்கும் வசதி, கையாளும் சிரமம், சேதப் பொறுப்பு ஆகியவற்றைப் பார்த்து வகுப்பார்கள். அதற்குச் சுங்க எண் உதவாது. பெட்டியின் நீள அகல உயரத்தையும் நிறையையும் அளந்து கொடுங்கள்.